உடம்புக்கு முன்னால் போன வண்டி

1

இந்தக் கதையில் வருகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்புறம் ஆள் யார், எந்தத் தெரு, வீட்டைக் காட்டு என்று யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. நான் பார்த்தது அவனுடைய வண்டியை மட்டும்தான்.

என் மருமகனுக்குப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்க ஆசை. பழைய வண்டிகளை வாங்கி விற்கிற ஒரு கொட்டகைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். லாரி ஓட்டிப் பிழைத்தவன் என்பதால் எனக்கு எல்லா வண்டியும் தெரியும் என்று அவனுக்கு நினைப்பு. தெரியாது. ஆனால் விற்கிறவன் முகத்தைப் பார்த்தால் எங்கே பொய் சொல்கிறான் என்று கொஞ்சம் தெரியும். அதற்காகப் போனேன்.

கொட்டகையின் கோடியில் சுவரோடு சுவராக அது நின்றது. மருமகன்தான் முதலில் பார்த்தான்.

"மாமா, இங்க வாங்களேன். இதை ஓட்டுனது மனுசனா, நண்டா?"

ஒற்றை சிலிண்டர். வட்ட விளக்கு. பெட்ரோல் டேங்க் நீளமானது, அந்தக் காலத்துக் கட்டு. அதுவரைக்கும் சரி. இடது கைப்பிடியில் கிளட்ச் லீவரைக் காணோம். அந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் ஒன்றை நெடுக இரண்டாகப் பிளந்து, உள்ளே ஸ்பாஞ்சு ஒட்டி, தொட்டில் மாதிரி பொருத்தியிருந்தார்கள். வலது பக்கம் ஒரே லீவர். அதிலிருந்து முன் பிரேக்குக்கு ஒரு குழாயும் பின் பிரேக்குக்கு ஒரு கேபிளும் போயின. காலால் மிதிக்கிற பின் பிரேக் இல்லை. உதைத்துக் கிளப்புகிற மிதியை அறுத்துவிட்டிருந்தார்கள், பதிலுக்கு ஒரு பொத்தான். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் எதையோ மாட்டுவதற்கு இரும்புக் காதுகள். மாட்டியது எதுவும் இல்லை.

முன் சீட்டு ரெக்சின் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. பின் சீட்டு மட்டும் புதுசு மாதிரி, பஞ்சு வைத்து, அகலமாக.

"யாரோடது இது?" என்று விற்கிறவனைக் கேட்டேன்.

"மொத்தமா எடுத்ததுல வந்துச்சு பெரியவரே. உதிரிக்குத்தான் ஆகும். எஞ்சின் நல்லா இருக்கு."

அவன் முகத்தில் பொய் இல்லை. அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாததை நான் வீட்டுக்குச் சுமந்துகொண்டு வந்தேன். அந்த வண்டிக்கு அளவாக ஒரு ஆளை நானே செய்துகொண்டேன். இது அந்த ஆளின் கதை.

2

மூன்று தடவை ஆரம்பித்தேன்.

முதல் ஆரம்பம்: "காலைப் பனியைக் கிழித்துக்கொண்டு அந்த இரும்புக் குதிரை சீறிப்பாய்ந்து—"

வேண்டாம். வண்டியைக் குதிரை என்று எழுதுகிறவன் இரண்டையும் ஓட்டியிருக்க மாட்டான்.

இரண்டாம் ஆரம்பம்: "அவனுடைய இடது கை சாகத் தொடங்கிய அன்று—"

இதுவும் வேண்டாம். உண்மைதான், ஆனால் வாசல் திறந்ததும் ஒப்பாரியைக் கேட்டால் யார் உள்ளே வருவார்கள்? நீங்கள் வரமாட்டீர்கள். வந்தது மாதிரி நடித்து, பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவீர்கள். எனக்கு வாசகர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது.

மூன்றாவது இதுதான்: அவன் தன் வண்டியை அழகுபடுத்த ஆசைப்பட்டான். நோயெல்லாம் பிறகு. முதலில் ஆசை. கொட்டகையில் நான் பார்த்த முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. அந்தக் கட்டு வண்டிக்கு அது கம்பெனி கொடுத்தது இல்லை. முன் ஃபோர்க்கையே மாற்றினால்தான் அது ஏறும். நோயாளி எவனும் அதைச் செய்ய மாட்டான். சந்தோஷமாக இருக்கிறவன்தான் செய்வான். ஆகவே ஒரு காலத்தில் சந்தோஷமாக இருந்தான். எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சாட்சி அது.

3

அவன் குழாய்க்காரன். (அந்தப் பிளந்த குழாயை வைத்துச் சொல்கிறேன். வீட்டில் குழாய் மிச்சம் கிடக்கிறவனுக்குத்தான் அந்த யோசனை வரும்.) அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக் குழாய் ஒழுகினால் அவனைக் கூப்பிடுவார்கள். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் குழாய்களைக் கட்டிக்கொண்டு போவான்.

அவன் மனைவி ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை செய்தாள். துவைத்து வருகிற படுக்கை விரிப்புகளை மிஷினில் விட்டுச் சூடாக எடுத்து மடிப்பது. காலையில் அவளைக் கொண்டுபோய் விடுவதும், வேலை முடிந்ததும் கூட்டிவருவதும் அவன்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து.

இனிமேல் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். இது புரியாவிட்டால் மீதி எதுவும் புரியாது.

அவர்கள் வீட்டில் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை இல்லை. வீடு சின்னது, அவன் அண்ணன் குடும்பம் ஒரு பக்கம், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் அண்ணி எழுந்து ஜன்னலைச் சாத்துவாள். அதனால் வீட்டில் "சாப்பிட வாங்க", "சோப்பு தீந்து போச்சுங்க" என்பதோடு சரி. பேச்செல்லாம் வண்டியில்தான். தெருமுனை திரும்பியதும் அவள் 'நீங்க'வைக் கீழே இறக்கிவிட்டு 'நீ'யை ஏற்றிக்கொள்வாள்.

"யோவ், உங்க அண்ணி இன்னைக்கும் என் துண்டுலதான் கை தொடச்சா."

"தொடச்சா தேஞ்சா போயிடும்?"

"உனக்கென்ன, நீ சட்டையிலயே தொடைக்கிறவன்."

காற்றில் பாதி போய்விடும். மீதியை முதுகு வழியாகக் கேட்பாள். அவன் பேசினால் முதுகு அதிரும். அதில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். பணம், பிள்ளை இல்லாத குறை, செத்துப்போன அவள் அப்பா, எல்லாவற்றையும் அந்தச் சலவைக்கூடத்துப் பாதையில்தான் பேசித் தீர்த்தார்கள். தீராததை மறுநாள் அதே இடத்தில் எடுத்தார்கள்.

அந்த வண்டி இல்லாவிட்டால் அவர்களுக்குள் பேச்சு இல்லை. இவ்வளவுதான் இந்தக் கதையின் சங்கதி. வேறு எதையும் தேடாதீர்கள்.

4

வண்டியை மாற்றிக் கொடுத்தவன் பெயர் தகரம். ஊர் வைத்த பெயர். தகரக் கொட்டகையில் தகரத்தை வெட்டிக்கொண்டு தகரம் மாதிரியே பேசுவான். மெக்கானிக், வெல்டர், எல்லாம் அவனே.

டிஸ்க் பிரேக்கையும் புதுப் பின் சீட்டையும் போட்டது அவன்தான்.

"அண்ணே, பின் சீட்டுக்கு இவ்ளோ பஞ்சா? அண்ணிய உக்கார வைக்கவா, தூங்க வைக்கவா?"

"உன் வேலையைப் பாருடா."

"முன் சீட்டையும் மாத்திடலாம்ல?"

"எனக்கு இது போதும்."

அடுத்து கார்புரேட்டரைப் பெரிதாக்குவது, சைலன்சரை மாற்றுவது என்று ஆசைப்பட்டியல் நீண்டது. அதற்குள் கை.

குழாய் முனையில் திருகு மரை போடுகிறபோது இடது கை பிடிக்கவேண்டும், வலது கை சுற்றவேண்டும். ஒரு நாள் பிடித்த குழாய் கூடவே சுற்றியது. எண்ணெய்ப் பிசுக்கு என்று துடைத்துவிட்டுப் பிடித்தான். திரும்பவும் சுற்றியது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தான்.

(இந்த இடத்தில் என் கையை நானே பார்த்துக்கொண்டேன். நீங்களும் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு வாருங்கள்.)

சலவைக்கூடத்துப் பாதையில் ஏழு சிக்னல் வைத்தேன், பிறகு அடித்துவிட்டேன்; எண்ணிக்கை எதற்கு. நிறைய சிக்னல். ஒவ்வொன்றிலும் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். கை நழுவி வண்டி எகிறி முன்னால் நின்ற காரில் இடித்தது. காரோட்டி இறங்கி வந்து கத்தினான். பின்னால் இருந்தவள் அவனை விடக் கத்தினாள். குழாய்க்காரன் மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தகரம் முதலில் லீவரை நீளமாக்கினான், ஸ்பிரிங்கை இளக்கினான். கொஞ்ச காலம் ஓடியது. கை இன்னும் இளைத்தது. அப்புறம் மொபெட்டில் இருக்கிற மாதிரி, வேகம் ஏறினால் தானே பிடித்து, குறைந்தால் தானே விடுகிற கிளட்ச்சைக் கடைந்து செய்து உள்ளே வைத்தான். லீவர் தேவையில்லாமல் போயிற்று. கை சும்மா தொங்கக் கூடாது என்று அந்தக் குழாய்த் தொட்டில். முழங்கைக்குக் கீழே அதில் வைத்துக்கொண்டால் கைப்பிடியைத் திருப்பலாம்.

"பாத்தியாண்ணே! இப்ப உனக்கு இடது கையே வேணாம்."

சந்தோஷமாகச் சொன்னான். அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது எனக்கு.

5

தகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பிரதியில் இவனை நல்லவனாக எழுதியிருந்தேன். காசு வாங்காமல் உழைக்கிற, கண்ணைத் துடைத்துக்கொள்கிற ஆள். படித்துப் பார்த்தேன். எனக்கே குமட்டியது. அப்படி ஒரு மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்ததில்லை, ஆனால் கதையில் வந்தால் நம்பிவிடுவீர்கள். அதனால் கிழித்துப் போட்டேன்.

உண்மையில் என்ன நடந்திருக்கும் என்றால், தகரத்துக்கு அந்த நோயை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதுவரை அவன் பஞ்சர், ஆயில், சங்கிலி என்று மாரடித்துக்கொண்டிருந்தவன். இப்போது சில மாதத்துக்கு ஒரு தடவை ஒரு புதுக் கணக்கு வந்து வாசலில் நிற்கிறது. இந்த விரல் இல்லை, எப்படி ஓட்டுவது? இந்தக் கை இல்லை, எப்படித் திருப்புவது? தூக்கத்தில்கூட அதையே யோசித்தான்.

டாக்டர் சொன்னதைக் குழாய்க்காரன் தன் மனைவியிடம் சொல்லவில்லை. தகரத்திடம்தான் சொன்னான்.

"நரம்பு ஒவ்வொண்ணா செத்துக்கிட்டே வருமாம்டா. மருந்து கிடையாதாம்."

"எல்லாமா?"

"எல்லாம்."

தகரம் கையில் இருந்த வெல்டிங் ராடைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றி வந்தான்.

"அடுத்து எதுண்ணே போகும்?"

"என்னடா கேள்வி இது?"

"இல்லண்ணே, தெரிஞ்சா முன்னாடியே செஞ்சு வச்சிடலாம். ஒவ்வொரு தடவையும் போனப்புறம் ஓடியாந்து, நான் செய்றதுக்குள்ள இன்னொண்ணு போயிடுது. நாம பின்னாலயே ஓடிட்டிருக்கோம். ஒரு தடவை முந்திட்டா?"

குழாய்க்காரன் அழுவான் என்று எழுத நினைத்தேன். அவன் அழவில்லை. அவனுக்கும் அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பேரும் பலகையில் உட்கார்ந்துகொண்டு, சுவரில் அலமாரி எங்கே அடிக்கலாம் என்று பேசுகிற மாதிரி, எந்தக் கால் முதலில் போகும் என்று பேசினார்கள்.

"வரிசை சொல்ல முடியாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. ஆனா வலது கால் ராத்திரியில கொரக்களி புடிச்சு இழுக்குது."

"அப்ப வலது கால்தான். பின் பிரேக்கைக் கைக்குக் கொண்டாந்துருவோம். கிக்கரை அறுத்துட்டு பட்டன் ஸ்டார்ட். அப்புறம் நிறுத்துறப்ப தாங்குறதுக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சக்கரம். இப்ப வேணாம், காது மட்டும் வெல்டு பண்ணி வச்சிடறேன். வேணும்னா மாட்டிக்கலாம்."

இந்த இடத்தில் நான் குழாய்க்காரனை நிறுத்தப் பார்த்தேன். கிழவன் சொன்னால் கேட்கமாட்டானா என்று ஒரு நப்பாசை. "அன்றோடு அவன் வண்டியை எடுப்பதை விட்டுவிட்டான்" என்று எழுதினேன். மையும் காய்ந்தது. ஆனால் கொட்டகையில் நான் பார்த்த லீவர் வந்து குறுக்கே நின்றது. ஒரு லீவர், இரண்டு பிரேக். அறுத்த கிக்கர். அவன் விட்டிருந்தால் அதெல்லாம் எப்படி வந்தன? அடித்தேன். கதை என் கையில் இல்லை. அந்த வண்டியை எனக்கு முன்னாலேயே செய்து முடித்துவிட்டார்கள்.

இவன் எவ்வளவு பெரிய முட்டாள் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு அரை உடம்போடு ரோட்டில் போகிறான். எதிரில் லாரி ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் நானே இறங்கி ஓர் அறை விட்டிருப்பேன். ஆனால் அறைந்துவிட்டு அவனிடம் என்ன சொல்வது? வீட்டில் போய்ப் பேசு என்றா?

6

அவள் முட்டாள் இல்லை.

வேலை முடிந்து கேட்டில் நின்றவள் வண்டியைப் பார்த்தாள். ஏறவில்லை. சுற்றி வந்தாள். ஆஸ்பத்திரி விரிப்பில் கறை எங்கே இருக்கும் என்று பார்க்கிற கண்.

"பிரேக் எங்க?"

"கைக்கு மாத்தியாச்சு."

"கால் பிரேக்குக்கு என்ன வந்துச்சு?"

"கைக்கு வந்தா சுளுவு."

"உனக்கு இருக்கிறதே ஒரு கை. அதுக்கு ஏன் இன்னும் வேலை குடுக்குற? கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

அவன் ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்வது போல இருந்தான். ஒற்றைக் கையால் அது நெடுநேரம் ஆகும்.

அவள் பின் சக்கரத்துப் பக்கம் குனிந்து இரும்புக் காதுகளைத் தொட்டுப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒன்று. எழுந்து போய் அந்தப் பக்கம் ஒன்று. எதற்கு என்று கேட்கவில்லை. சின்னக் குழந்தைகளின் சைக்கிளில் அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று யாருக்குத்தான் தெரியாது.

நான் கொட்டகையில் நின்று எப்படிப் படித்தேனோ, அப்படித்தான் அவளும் கேட்டில் நின்று படித்தாள். எனக்கு அந்த வண்டியில் இருந்தது நடந்து முடிந்தது. அவளுக்கு இனி நடக்கப்போவது. அவ்வளவுதான் வித்தியாசம். டாக்டர் அவனிடம் சொன்னதையெல்லாம் அவன் இரும்பில் ஒட்டி, பெயின்ட் அடித்து, அவள் முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ஒளிக்கத் தெரியாதவன்.

(அவள் இங்கே அழுதாள் என்று ஒரு பிரதியில் இருக்கிறது. இன்னொன்றில் அறைந்தாள். இரண்டும் வேண்டாம்.)

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் முதுகில் சாயாமல் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பாலத்தில்:

"அந்தத் தகரத்துக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

அவன் வேகத்தைக் குறைத்தான்.

"நான் யாருய்யா உனக்கு? பின்னாடி கட்டிட்டுப் போற குழாயா?"

"சொன்னா நீ ஏறமாட்ட."

அவள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் பாலம் முடிந்து, ரயில்வே கேட் தாண்டி, பெட்ரோல் பங்கும் தாண்டிவிட்டது.

"ஆமா. ஏறியிருக்க மாட்டேன்." அப்புறம், "ஏறித்தான் தொலைச்சிட்டேனே, ஓட்டு."

7

தகரமும் அவனும் போட்ட கணக்கு தப்பிப்போயிற்று.

வலது கால் போகவில்லை. இடது காலும் போகவில்லை. முந்திக்கொண்டு செய்த லீவர், பொத்தான், காது எல்லாம் வராத ஒன்றுக்காக மினுமினுவென்று காத்திருந்தன. நோய் அந்தப் பக்கமே திரும்பாமல் நேராக நாக்குக்குப் போயிற்று.

முதலில் வார்த்தைகள் ஈரமாக வந்தன. ஒரு வீட்டுக்காரர் போனில், "என்னப்பா, காலங்காத்தாலயே தண்ணி போட்டுட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டார். வேலை வருவது நின்றது. அப்புறம் 'ழ'வும் 'ர'வும் போய், அப்புறம் எல்லாமே ஒரே சத்தமாகிவிட்டது. முதுகு மட்டும் அதிர்ந்தது. அவள் கன்னத்தை வைத்துக் கேட்டாள். ஓர் அதிர்வுக்கும் இன்னோர் அதிர்வுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனபோது அவன் முயற்சி செய்வதையும் நிறுத்தினான்.

தகரத்திடம் போனார்கள். வேறு எங்கே போவார்கள்?

அவன் வண்டியைச் சுற்றி வந்தான். தொட்டிலைத் தட்டிப் பார்த்தான், லீவரை அழுத்தினான்.

"இதுக்கு என்னத்த வெல்டு பண்றது அண்ணி..." என்றான். தன் கையுறையைக் கழற்றினான், போட்டுக்கொண்டான், திரும்பக் கழற்றினான். "காலுன்னு நெனச்சோம். காலுன்னுதானே..."

வண்டியில் நான் பார்த்த ஒன்றை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் மோப்பம் பிடித்திருப்பீர்கள். கைப்பிடியின் நடுவில், மீட்டருக்கு மேலே, உள்ளங்கை அளவில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. மருமகன் விளையாட்டுக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்தான். நான் பின்னால் நின்றேன். அந்தக் கண்ணாடியில் பின்னால் வருகிற ரோடு தெரியவில்லை. மருமகனின் இரண்டு கண்களும் தெரிந்தன. நேராக என்னைப் பார்த்தன.

ரோட்டைக் காட்டாத கண்ணாடியை யாராவது வண்டியில் வைப்பானா? அதுதான் என்னை அன்று தூங்கவிடவில்லை. அந்த ஒரு கண்ணாடிக்காகத்தான் இத்தனை பக்கமும்.

அதை வைக்கச் சொன்னது அவள்தான். தகரத்துக்கு அந்த யோசனை வந்திருக்காது. அவன், உடம்பில் போனதற்குப் பதில் வைக்கிறவன், இருப்பதைப் பார்க்கத் தெரியாதவன். சலவைக்கூடத்துக் குளியலறையிலிருந்து கழற்றிய கண்ணாடியோ என்னவோ, அவளே கொண்டுவந்து பிடித்துக் காட்டினாள். "இங்க. இன்னும் கொஞ்சம் சாய்ச்சு. ஆங், இப்ப தெரியுது."

ஒரு தடவை கண்ணை மூடினால் ஆமாம். இரண்டு தடவை மூடினால் இல்லை.

அப்படியாகப் பேச்சு திரும்ப ஆரம்பித்தது.

"உங்க அண்ணி இன்னைக்கு என்கிட்ட நல்லா பேசுனா. பயமா இருக்குய்யா. உனக்கும்தானே?"

ஒரு தடவை.

"எங்கப்பாவைப் பத்தி நேத்து சொன்னது ஞாபகம் இருக்கா?"

இரண்டு தடவை.

"பொய்யி. வேணும்னே சொல்ற."

ஒரு தடவை. அவள் சிரித்தாள். கண்ணாடியில் அவன் கண்ணும் சிரித்த மாதிரிதான் இருந்தது. உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதில் இரண்டு சிக்கல். கேள்வி கேட்க அவளால் முடியும். அவனால் இனி ஒன்றும் கேட்க முடியாது. அது ஒன்று. இன்னொன்று, அவன் பதில் சொல்கிற ஒவ்வொரு தடவையும் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கிறான். இரண்டாவதை அவள் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. கவனித்த அன்று ஒரு தண்ணீர் லாரி அவர்களை உரசிக்கொண்டு போயிற்று. அதன் காற்றில் அவள் முழங்கால் குளிர்ந்தது.

8

இனி முடிவு. மூன்று நான்கு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். கடையில் துணி காட்டுகிற மாதிரி விரித்துக் காட்டுகிறேன்.

ஒன்று: வெளியூர் டாக்டர் ஒருவர் புது மருந்து கொடுக்கிறார், கை துளிர்க்கிறது. இதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பக்கத்தோடு எழுந்து போகலாம், சந்தோஷமாக.

இரண்டு: அடுத்த வாரம் இன்னொரு லாரி. எழுதினேன். நன்றாகக்கூட வந்தது. கிழித்துவிட்டேன். ஆளைச் செய்ததும் நான், கொல்வதும் நானா? அதற்கு லாரி ஓட்டும்போதே நிறைய வாய்ப்பு இருந்தது; ஒன்றையும் செய்யாமல் ஓட்டி முடித்தவன்.

மூன்று: தகரம் மனம் மாறி, வண்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, "இனி ஓடாதுண்ணே" என்று பொய் சொல்கிறான். நல்ல முடிவுதான். ஆனால் தகரம் அப்படிச் செய்ய மாட்டான். அவன் இப்போது அந்த இரும்புக் காதுகளுக்குச் சக்கரம் கடைந்துகொண்டிருக்கிறான். கால் என்றைக்காவது போகும் என்று அவனுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது.

நான்காவது ஒன்றும் உண்டு: அவர்கள் வீட்டில், அந்தப் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம், எதிரெதிரே உட்கார்ந்து அவள் கேட்க அவன் கண்ணால் பதில் சொல்கிறான். வண்டி எதற்கு? இதை என் மகள்தான் சொன்னாள், இதையெல்லாம் படித்துக் காட்டியபோது. "அப்பா, கண்ணாலதானே பேசுறாரு? சத்தமே வராதே, வீட்டுல பேசலாமே?"

நான் மகளிடம் கோபித்துக்கொண்டேன். பிறகு யோசித்தேன். அவன் பேச்சுக்குச் சத்தம் இல்லை. அவள் பேச்சுக்கு உண்டு. அண்ணன் வீட்டுக்கு மறுபாதி கேட்கும்: "வலிக்குதா?" "பயமா இருக்கா?" "நான் கூட இருக்கவா?" பதில் இல்லாத கேள்விகள் மட்டும் தடுப்பைத் தாண்டிப் போகும். அண்ணி எழுந்து ஜன்னலைச் சாத்துவாள். அதை அவன் தாங்கமாட்டான். அவள்தான் தாங்குவாளா?

நான்காவதும் இல்லை.

9

ஆகவே மிச்சம் இருப்பது இதுதான். இதை நான் ஓர் இடத்துக்கு மேல் கொண்டுபோக முடியாமல் நிற்கிறேன்.

காலை. அவளை வேலைக்குக் கொண்டுபோகிறான். பெட்ரோல் பங்க் தாண்டியாகிவிட்டது. ரயில்வே கேட் திறந்திருக்கிறது. அதற்கப்புறம் ரோடு அகலம்; இரண்டு பக்கமும் கனரக வண்டிகள் போகும் வரும். இடது கை தொட்டிலில் கிடக்கிறது. வலது கை பிடித்திருக்கிறது. அதிலும் கட்டைவிரல் பக்கம் சதை கொஞ்சம் வற்றியிருக்கிறதை அவன் பார்த்துவிட்டான், அவள் இன்னும் பார்க்கவில்லை. அல்லது பார்த்துவிட்டாள்.

வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவன் கண்ணைத் திருப்புவான் என்று வாயைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவன் இரண்டு தடவை கண்ணாடியைப் பார்த்தான், கேள் என்கிற மாதிரி. அவள் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். அவன் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

பேசாமலும் இருக்க முடியவில்லை. கன்னத்தை முதுகில் வைத்தாள். முதுகு அதிரவில்லை. நிமிர்ந்தாள்.

"நாளையில இருந்து நான் பஸ்ல போயிக்கட்டுமா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். சோப்பு தீர்ந்துபோனதைச் சொல்கிற குரலில்.

ஆமாம் என்றால் இனி அவர்களுக்குப் பேச ஓர் இடம் கிடையாது. இல்லை என்றால் நாளைக்கும் அவள் இந்த ரோட்டில் இவன் பின்னால்தான். அவனுக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும். எது நியாயம் என்றும் தெரியும். இரண்டும் ஒன்றில்லை என்பதும், அவள் எந்தப் பதிலை எதிர்பார்த்துக் கேட்டாள் என்பது அவளுக்கே தெரியாது என்பதும் தெரியும்.

அவன் ரோட்டிலிருந்து பார்வையை எடுத்துக் கண்ணாடிக்குக் கொண்டுவந்தான்.

கண் மூடியது.

திறந்தது.

என்னை விட்டுவிடுங்கள். இதற்கு அடுத்த வரியை எழுதிப் பார்த்துவிட்டேன், இரண்டு விதமாகவும். இரண்டுக்குமே கை கூசுகிறது. இவ்வளவு தூரம் கூட வந்த நீங்கள் சொல்லுங்கள், இத்தோடு சரியா, இன்னொரு தடவை மூடுவானா என்று. சீக்கிரம் சொல்லுங்கள். அவன் இன்னும் ரோட்டைப் பார்க்கவில்லை. அவள் இன்னும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.